நீக்கிப் படிக்கவும்

எங்கள் பதிப்பகத்தில் அவரைக் கமா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முதலாளியம்மா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். எனக்கு அங்கே உம் சார் என்று பெயர். இந்த இரண்டு பெயர்களும் எப்படி வந்தன என்று சொன்னாலே எங்கள் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

மிகப் பழைய நாவல்களை மறுபடி அச்சடித்து விற்பது எங்கள் பதிப்பகத்தின் தொழில். பழைய பிரதியைக் கையில் எடுத்தாலே ஓரங்கள் சருகாக உதிரும். டைப் அடிக்கும் பெண் அதைப் பார்த்துக் கணினியில் அடிப்பாள். அடித்ததைத் தாளில் எடுத்து என்னிடம் தருவார்கள். பிழை திருத்துவது என் வேலை. எனக்கு எதிரே கமா அக்கா பழைய பிரதியை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். நான் என் தாளில் சிவப்புப் பேனாவோடு அவரைத் தொடர்ந்து போவேன். எழுத்து மட்டுமல்ல, கமா, புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

அவர் படிப்பது இப்படி இருக்கும்: “பாரா. கொட்டேஷன் ஆரம்பம். நண்பனே கமா உன்னைப் பிரிந்து நான் எப்படி உயிர் வாழ்வேன் கேள்விக்குறி. கொட்டேஷன் முடிவு. என்று கதறினான் புள்ளி.” கதறல் கிதறல் எதுவும் குரலில் இருக்காது. பேருந்து கிளம்பும் நேரத்தை அறிவிக்கிற குரல். வாக்கியம் முடிந்ததும் நான் “உம்” என்பேன். சரியாக இருக்கிறது, மேலே போகலாம் என்று பொருள். ஒரு நாளைக்கு ஆயிரம் உம்மாவது சொல்வேன்.

பதினொரு வருடம் இப்படி ஓடியது. முன்பு சாமான்கள் அடைத்து வைத்திருந்த ஒரு குறுகிய அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். பழைய தாள்கள் பறந்துவிடும் என்பதால் மின்விசிறி போடக் கூடாது. வெயில் காலத்தில் இருவரும் வியர்த்து வழிந்துகொண்டே காதலர்களைச் சேர்த்து வைத்தோம், துரோகிகளைத் தூக்கில் போட்டோம். அவர் எனக்கு வாசித்த காதல் கடிதங்களை எண்ணினால் ஒரு சினிமா நடிகனுக்குக்கூட அத்தனை வந்திருக்காது. ஆனால் அவர் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியாது.

எனக்குப் பழைய நாவல்கள் மீது கொஞ்சம் எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அவற்றில் ஒருவனுக்கு நண்பன் கிடைக்க அரைப் பக்கம் போதும். மழைக்கு ஒதுங்குவான், இன்னொருவனும் ஒதுங்குவான், மழை விடுவதற்குள் உயிருக்கு உயிராகிவிடுவார்கள். பிறகு ஒரே பாயில் படுத்து எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண்பார்கள். தனிமை என்றால்கூட அங்கே ஒரு லட்சணமாக இருக்கும். கடற்கரையில் நின்று பெருமூச்சு விடுவான். எனக்குத் தெரிந்த தனிமை அப்படியில்லை. ஒற்றை ஆளுக்குச் சமைத்து, பாத்திரத்தோடு அடுப்பு மேடை மீதே வைத்து நின்றபடி தின்றுவிட்டுக் கழுவி வைப்பது. என் மனைவி போன பிறகு ஒன்பது வருடமாக அப்படித்தான். இதையெல்லாம் எந்த நாவலாசிரியன் எழுதினான்?

கமா அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. ஒரு நாவல் முடிந்ததும் பிரதியை மூடி வைத்துவிட்டு “பாவம்” என்பார். அது ஒன்றுதான் அவருடைய சொந்த வார்த்தை. யார் பாவம் என்று சொல்ல மாட்டார். ஒரு முறை டைப் அடிக்கும் பெண்ணிடம், தன் கனவில் வருகிறவர்கள்கூடக் கமா, புள்ளியோடுதான் பேசுகிறார்கள் என்று சொன்னாராம். அவள் அதை அலுவலகம் முழுக்கப் பரப்பிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் கமா அக்கா முதலாளியம்மாவிடம் போய், தொண்டை சரியில்லை, இனிமேல் படிக்க முடியாது, கட்டுப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். கட்டுப் பிரிவு என்பது புத்தகங்களைத் துடைத்து, அடுக்கி, காகிதம் சுற்றிக் கட்டுகிற இடம். மறுநாளே போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை வரை முப்பத்திரண்டு பக்கம் கணீரென்று படித்தவர்.

நான் என்ன தப்பு செய்தேன்? மண்டையைக் குடைந்துகொண்டேன். வாய் நாற்றமா? உம் என்பது திமிராகக் கேட்டுவிட்டதா? வராந்தாவில் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கேட்கலாம் என்று இரண்டு முறை கட்டுப் பிரிவு வாசல் வரை போய், பேனா தேடுகிறவன் மாதிரி நடித்துவிட்டுத் திரும்பினேன். அவருக்குப் பதிலாகத் தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவரை எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அவர் இரண்டு வரி படித்தால் நான்கு வரி மருமகளைப் பற்றிப் பேசுவார். எது நாவல், எது மருமகள் என்று பிரிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும். எதிரே கமா அக்கா இல்லாத அந்த அறைக்குக் காலையில் போகவே பிடிக்கவில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்று, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் அளவுக்கு ஏங்கினேன்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து முடித்த நாவல் இதற்கிடையில் அச்சாகி வெளியே வந்தது. அதன் கதை சுருக்கம்தான். யாரும் இறங்காத ஒரு ரயில் நிலையம். அங்கே ஒரு எழுத்தர், ஒரு விளக்குக்காரன். தினமும் மாலையில் இருவரும் நடைமேடையில் உட்கார்ந்து, ஒரு நாள் கடலைப் பார்க்கப் போவோம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எழுத்தருக்கு மாற்றல் வருகிறது. திங்கட்கிழமை அவர் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விளக்குக்காரன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். அந்தப் பக்கம்தான் 143.

புத்தகம் நன்றாக விற்றது. ஒரு வாரப் பத்திரிகையில் மதிப்புரை வந்தது. விளக்குக்காரன் வாயைத் திறந்து சொல்கிற அந்த மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போட்டு, நம் பழைய எழுத்தாளர்களுக்கு மட்டுமே கைவந்த எளிமை என்று ஒரேயடியாகப் புகழ்ந்திருந்தார்கள். முதலாளியம்மா அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த மாதம் ஒரு பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் பதிப்பில் அந்த மூன்று வாக்கியங்களும் கிடையாது என்று எழுதியிருந்தார். விளக்குக்காரன் வாயைத் திறக்கிறான், சரக்கு வண்டி கூவிக்கொண்டு கடக்கிறது, அவன் ஒன்றும் சொல்லாமல் விளக்கை எடுத்துக்கொண்டு போகிறான். நாவலின் உயிரே அவன் பேசாமல் போனதில்தான் இருக்கிறது, அதில் மண்ணள்ளிப் போட்டது யார் என்று கேட்டிருந்தார்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். “என்ன சார் இது?”

“அவருக்குப் பொழுது போகலைம்மா. பழைய பிரதியில இருக்கு. நான் என் கையால சேர்த்திருக்கேன். டைப்புல விட்டுப்போயிருந்தது” என்றேன்.

“அப்ப எடுத்துக் காட்டுங்க.”

பெட்டியைத் திறந்து பழைய பிரதியை எடுத்தேன். விளக்குக்காரன் வாயைத் திறந்தான். அடுத்த வரியில் சரக்கு வண்டி கூவியது. இடையில் ஒன்றும் இல்லை. பக்கம் கிழிந்திருக்குமோ என்று எண்களைப் பார்த்தேன், வரிசையாக இருந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு நான் திருத்திய தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், கமா புள்ளி பிசகாமல் இப்படி இருந்தது: “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.”

இல்லாத ஒன்றை எப்படி எழுதினேன்? தனியாகச் சாப்பிட்டு அலுத்தவன் நான்தானே! நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டதை எழுதிவிட்டேனா? இரண்டு நாள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நம்பினேன். கடையில் மீதியை வாங்கி இரண்டு முறை எண்ணினேன். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். நான் பேசுவது நான் பேசுவதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பல் துலக்கும்போது நினைவு வந்தது, அந்தக் குரல். இரண்டு முறை கேட்டிருந்தேன். என் தாளில் அந்த வரி இல்லாததால் நான்தான் “மறுபடி சொல்லுங்க” என்றேன். ஒரு வரி விட்டுப்போனால் எப்போதும் அப்படித்தான் கேட்பேன். கமா அக்கா கொஞ்சம் நிதானமாக, “கொட்டேஷன் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் புள்ளி” என்று முழுவதையும் திருப்பிச் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தாமல் “உம்” என்றேன். பிறகு “அடுத்து” என்றேன்.

அந்த உம் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

ஆனாலும் எனக்கு நிச்சயமில்லை. அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? வாய் இருக்கிறது, கேட்டிருக்கலாமே? இப்படி என்னையே கேட்டுக்கொண்டு டைப் அடிக்கும் பெண்ணிடம் போனேன். போன மழைக்காலத்தில் கமா அக்காவுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தேன்.

“ஏன் உம் சார், உங்களுக்குத் தெரியாதா? பதினொரு வருஷமா மூஞ்சிக்கு மூஞ்சி உட்கார்ந்திருந்தீங்க!” என்றாள். பிறகு அவளே சொன்னாள். கமா அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் அது முறிந்துவிட்டது. அன்றிலிருந்து தன் அக்காவோடுதான் இருந்தார். இருபத்தாறு வருடம். போன வருடம் அந்த அக்கா தன் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். “அப்புறம் இவங்க தனியாத்தான் இருக்காங்க. அந்த மழை சமயத்துல ஒரு சனிக்கிழமை என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்லதா ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர் வாங்கினாங்க. நாளைக்கு விருந்தாளி வர்றாங்கன்னு முகமெல்லாம் சிரிப்பு. யாருன்னு கேட்டேன். போடின்னு சொல்லிட்டாங்க.”

நான் அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தேழு வயதில், டைப் அடிக்கும் பெண் பார்க்க, மூக்கைச் சிந்தினேன்.

முதலாளியம்மாவிடம் நான்தான் எழுதிச் சேர்த்தேன் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார். “இத்தனை வருஷத்துல நீங்க ஒரு கமாவைக்கூடக் கூட்டினதில்லையே சார்?”

“அது அப்படியே இருக்கட்டும்மா. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. சுவத்துல ஒட்டியிருக்கீங்களே.”

“விளையாடறீங்களா? லெட்டர் எழுதினவருக்கு நாம என்ன பதில் சொல்றது? பிழைத்திருத்தச் சீட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க. மிச்சமிருக்கிற எல்லாப் பிரதியிலயும் ஒட்டிடலாம்.”

எழுதினேன். பக்கம் 143, வரி 9 முதல் 11 வரை: “ஞாயிற்றுக்கிழமை” எனத் தொடங்கி “நன்றாக இருக்கும்” என முடியும் பகுதியை நீக்கிப் படிக்கவும். விரல் நீளத்தில் அச்சாகி வந்தது. அதைக் கட்டுப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டப் போவது யார்? அங்கே இருப்பது கமா அக்காவும் கட்டுக் கட்டுகிற ஒருவரும்தான். ஒவ்வொரு பிரதியாகத் திறந்து, தன் அழைப்பை நீக்கிப் படிக்கவும் என்று அவரே பசை தடவி ஒட்ட வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் முறை.

நான் உள்ளே போனபோது கட்டுக் கட்டுகிறவர் வெளியே போயிருந்தார். கமா அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். இம்முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு முதல் பிரதியை எடுத்தார்.

“அன்னிக்கு நீங்க படிச்சீங்களே, அது…” என்று ஆரம்பித்தேன்.

“புஸ்தகத்துல இருந்ததைத்தான் படிச்சேன் சார்.”

“புஸ்தகத்துல இல்லை. பாத்துட்டேன்.”

அவர் இரண்டாவது சீட்டை ஒட்டினார். மூன்றாவதை ஒட்டினார். பிறகு பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தார்.

“எனக்கு வேற மாதிரி பேச வரலை சார். நாலு நாள் யோசிச்சேன். நேரா கேட்கலாம்னா நாக்கு ஒட்டிக்குது. படிக்கிற மாதிரி சொன்னா வந்துடுச்சு. நீங்க திரும்பச் சொல்லச் சொன்னீங்க. எழுதி வேற வச்சுக்கிட்டீங்க. மறந்துடக் கூடாதுன்னு குறிச்சுக்கறார்னு நெனச்சேன். வீடு எங்கேன்னு கேட்பீங்கன்னு சனிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். கேட்கலை. பதிவேட்டுல பாத்துப்பார்னு விட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. டைப்புல விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

“உங்களுக்குப் புரியலைன்னு இப்பத் தெரியுது” என்றார். பிறகு, “இதுவரைக்கும் எனக்குத் தெரியலை” என்றார்.

அவர் கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா, அல்லது எல்லாம் ஆறிப்போய்விட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய அறிவிப்புக் குரலையே பதினொரு வருடம் கேட்டவனுக்கு, சொந்தக் குரலில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன். “இந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. மத்தியானம். நானே சமைக்கிறேன்.” ஒரு சீட்டின் பின்புறத்தில் தெரு, வீட்டு எண், மாடிப்படி எந்தப் பக்கம் என்பது வரை எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. நான்காவது பிரதியைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைப் பெருக்கினேன். என்னிடம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. கீழ் வீட்டில் இன்னொன்று கேட்டு வாங்கி வந்தேன். சோறு, குழம்பு, இரண்டு காய். கடைசியாக இரண்டு பேருக்கு எப்போது சமைத்தேன் என்று நினைவில்லாததால் அரிசி அளவு தெரியாமல் நான்கு பேருக்கு ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்து வைத்தேன். ஒரு மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது, மேல் வீட்டுக்காரர். இரண்டு மணிக்குக் குழம்பைச் சுட வைத்தேன். இரண்டரைக்கு மறுபடி சுட வைத்தேன். வருவாரா, வர மாட்டாரா? வந்தால் என்ன பேசுவது? வராவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு பார்ப்பது? எதிரே இருந்த காலி நாற்காலி மீது எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் கண்ணில் படாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மதியம் நான் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுக்கும்போது அவரே என் அறை வாசலில் வந்து நின்றார். எனக்கு எதிரே உட்காரும் தபால்காரர் எங்கோ வெளியே போயிருந்தார்.

“நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“மூணரை இருக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை நேராக அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“போன வருஷம் அந்த ஞாயித்துக்கிழமை நான் சாப்பிடவே இல்லை சார்” என்றார்.

மன்னிப்புக் கேட்டால் அது ஏதோ பழைய நாவலில் வருகிற மாதிரி இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்து, தபால்காரரின் கண்ணாடியையும் செய்தித்தாளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

“நேத்து வைச்ச குழம்பு மிச்சம் இருந்தா எடுங்க” என்றார்.